இருபது பின்னூட்டம், ஒரே பிரதிவாதி: எஸ்டோனியாவின் டெல்ஃபி வழக்கு

எஸ்டோனியாவில் குளிர் முற்றினால் கடல் உறைந்துவிடும். உறைந்த கடலின் மேலேயே அரசு சாலை திறக்கும். தார் கிடையாது, ஜல்லி கிடையாது. பனி எவ்வளவு கனம் என்று அளந்து பார்த்து, தடத்தின் ஓரத்தில் அடையாளம் நட்டு, இனி வண்டி போகலாம் என்று விடுவார்கள். அதற்கென்று தனி விதிகள் உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே போக வேண்டும், இல்லையென்றால் 40-க்கு மேலே போக வேண்டும். நடுவில் உள்ள வேகத்தில் போனால் பனிக்கு அடியில் தண்ணீர் அலையெடுத்து மேலே இருக்கும் பனியை உடைத்துவிடும். சீட் பெல்ட் போடக் கூடாது. பனி உடைந்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டுமே!

தீவுக்காரர்களுக்கு இந்தச் சாலை பெரிய சங்கதி. படகுக் கட்டணம் மிச்சம், நேரமும் மிச்சம். அதனால்தான் 2006 ஜனவரி 24 அன்று வந்த ஒரு செய்தி அவர்களைக் கொதிக்க வைத்தது. தீவுகளுக்கு வாகனப் படகு விடும் நிறுவனம் தன் கப்பல்களின் வழித்தடத்தை மாற்றியது, பனிச்சாலை அமையவிருந்த இடங்களில் பனி உடைந்தது, சாலை திறப்பது சில வாரம் தள்ளிப்போனது என்பது செய்தி. வெளியிட்டது டெல்ஃபி என்ற இணையச் செய்தித் தளம்.

செய்தியில் ஒரு குறையும் இல்லை. நிறுவனத்தின் தரப்பையும் கேட்டுத்தான் எழுதியிருந்தார்கள். கடைசிவரை எந்த நீதிமன்றமும் அந்தச் செய்தியில் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. வழக்கு முழுவதும் செய்திக்குக் கீழே நடந்ததைப் பற்றியது.

இரண்டு நாளில் 185 பின்னூட்டங்கள் விழுந்தன. அவற்றில் சுமார் 20, அந்தப் படகு நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரரைக் குறிவைத்தவை. தீர்ப்பில் அவர் பெயர் 'எல்.' என்று மட்டும்தான் வருகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். அந்த இருபதில் கோபம் இருந்தது, கொச்சையும் இருந்தது. அதோடு நிற்காமல், எல்.-ஐ அடுப்பில் போடச் சொன்ன ஒருவரும் இருந்தார், அடித்து வீழ்த்தினால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்று எழுதியவரும் இருந்தார்.

டெல்ஃபியில் பின்னூட்டம் போடுவது அப்போது வெகு சுலபம். செய்தியின் அடியில் ஒரு பெட்டி, உங்கள் கருத்தைச் சேருங்கள் என்று ஓர் அழைப்பு. பெயர் என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் போடலாம். மின்னஞ்சல் கட்டாயமில்லை. பொத்தானை அழுத்தினால் அடுத்த நொடி பக்கத்தில் ஏறிவிடும், யாரும் படித்துப் பார்த்து அனுமதிப்பதில்லை. ஒரு நாளைக்கு 330 செய்தி வரை போடும் தளம் அது. அதில் தினம் பத்தாயிரம் பின்னூட்டம், பெரும்பாலும் புனைபெயரில். நம் ஊர் மொட்டைக் கடுதாசிக்குக்கூட ஒரு தபால் முத்திரை இருக்கும், எந்த ஊரில் போட்டது என்றாவது தெரியும்.

டெல்ஃபி கண்ணை மூடிக்கொண்டு இருந்தது என்றும் சொல்ல முடியாது. சில கெட்ட வார்த்தைகளின் வேர்ச்சொற்களைப் பட்டியல் போட்டு, அவை வந்தால் தானாக நீக்கும் நிரல் இருந்தது. எந்த வாசகரும் ஒரு பின்னூட்டத்தை 'லேய்ம்' என்று குறி போடலாம், வசவு அல்லது கேலி என்று அர்த்தம். குறி போட்டால் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். பாதிக்கப்பட்டவர் நேரடியாகச் சொன்னாலும் எடுப்பார்கள். எழுதியதற்கு எழுதியவரே பொறுப்பு என்று விதிமுறைப் பக்கமும் வைத்திருந்தார்கள்.

எல்.-இன் வழக்கறிஞர்கள் மார்ச் 9 அன்று கடிதம் கொடுத்தார்கள்: இருபதையும் நீக்க வேண்டும், 5 லட்சம் குரூன் (எஸ்டோனியாவின் அன்றைய நாணயம்) இழப்பீடு தர வேண்டும். யூரோவில் அது சுமார் 32,000. டெல்ஃபி அன்றைக்கே நீக்கியது. காசு தர மறுத்தது. சொன்னோம், எடுத்தோம், அப்புறம் என்ன என்பது அவர்கள் நிலை. ஆனால் ஜனவரி கடைசியில் ஏறியவை மார்ச் 9 வரை, ஏறத்தாழ ஆறு வாரம், பக்கத்திலேயே இருந்தன. ஏப்ரலில் வழக்கு.

ஹார்யு மாவட்ட நீதிமன்றம் முதலில், 2007-இல், வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு மின்வணிக ஆணை, தகவலைச் சும்மா தாங்கி நிற்கும் இடைநிலையாளருக்குப் பாதுகாப்பு தந்தது, எல்லாவற்றையும் கண்காணி என்று அவர் மேல் கடமை சுமத்தவும் தடை போட்டது. டெல்ஃபியும் அப்படித்தான் என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. திரும்ப விசாரித்த அதே மாவட்ட நீதிமன்றம் 2008 ஜூனில் எல்.-க்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியது. கேட்டது 5 லட்சம், கிடைத்தது 5,000 குரூன், அதாவது சுமார் 320 யூரோ. 2009 ஜூன் 10 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர். டெல்ஃபி வெறும் குழாய் இல்லை. வாசகரை எழுது எழுது என்று கூப்பிடுகிறது, பின்னூட்டம் கூடினால் ஆள் வரத்து கூடும், ஆள் வரத்து கூடினால் விளம்பரக் காசு கூடும். ஆகவே எழுதியவரோடு சேர்த்து டெல்ஃபியும் அந்தப் பின்னூட்டங்களை வெளியிட்டவர்தான். யார் மேல் வழக்குப் போடுவது என்பது பாதிக்கப்பட்டவர் விருப்பம்.

320 யூரோவைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 'வெளியிட்டவர்' என்ற அந்த ஒரு சொல்லை ஒப்புக்கொண்டால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் தடவை வெளியிட்டவர் ஆகிவிடுவோம் என்று டெல்ஃபிக்குத் தெரியும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் கருத்துச் சுதந்திரத்துக்கான 10-ஆவது பிரிவு மீறப்பட்டது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2013 அக்டோபர் 10 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, மீறல் இல்லை என்று ஒரே குரலில் சொன்னது. உலகெங்கும் செய்தி நிறுவனங்களும் இணைய நிறுவனங்களும் பதறின. வழக்கு பதினேழு நீதிபதிகளின் பேரமர்வுக்குப் போய், 2015 ஜூன் 16 அன்று முடிந்தது. 15-க்கு 2 என்ற கணக்கில் டெல்ஃபி தோற்றது.

பேரமர்வு எதைப் பிடித்துக்கொண்டது

தீர்ப்பு நீளமானது. அதில் இரண்டு இடங்கள்தான் எனக்கு முக்கியம்.

முதலாவது, யார் கையில் சாவி இருந்தது என்பது. டெல்ஃபியில் பின்னூட்டம் போட்டவர் பிறகு மனம் மாறினால்கூடத் தன் வரியைத் திருத்தவோ அழிக்கவோ முடியாது. அழிக்கும் வசதி தளத்திடம் மட்டும். காசு வருவதும் அந்தப் பக்கம்தான். கட்டுப்பாடும் லாபமும் ஒரே இடத்தில் இருக்கும்போது, நான் சும்மா இடம் கொடுத்தேன் என்ற பேச்சு எடுபடாது என்றார்கள். இதில் எனக்குச் சண்டை இல்லை. தெருச் சுவரில் யாரோ கரியால் எழுதிவிட்டுப் போனதற்குச் சுவர்க்காரர் என்ன செய்வார் என்று கேட்கலாம். ஆனால் இங்கே சுவர்க்காரர் கரியும் கொடுத்து, எழுதுகிற கூட்டத்தைக் காட்டி டிக்கெட்டும் விற்றிருக்கிறார்.

இரண்டாவது இடம் வேறு மாதிரி. அந்தப் பின்னூட்டங்களில் பூடகமாக எதுவும் இல்லை, பார்த்தவுடனே வெறுப்பும் மிரட்டலும் தெரியும், ஆகவே பாதிக்கப்பட்டவரோ மற்றவர்களோ சொல்லாவிட்டாலும் தாமதமின்றி டெல்ஃபி தானே நீக்கியிருக்க வேண்டும் என்றது பேரமர்வு. பார்த்தவுடனே தெரியும், சரி. ஆனால் யார் பார்ப்பது? பின்னூட்டம் ஏறும்போது யாரும் படிக்கவில்லை என்பதுதானே வழக்கே. பார்த்தால் தெரியும் என்று சொல்லி, அதனால் நீ பார்த்திருக்க வேண்டும் என்று முடித்தால், எல்லாவற்றையும் எப்போதும் படித்துக்கொண்டே இரு என்று அர்த்தம். ஐரோப்பிய ஒன்றிய ஆணை கூடாது என்று விலக்கிய பொதுக் கண்காணிப்பு பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. (அந்த ஆணைக்கு அர்த்தம் சொல்வது தன் வேலை இல்லை, எஸ்டோனிய நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஸ்ட்ராஸ்பர்க் ஒதுங்கிக்கொண்டது.) எதிர்த்து எழுதிய நீதிபதிகள் ஷாயோவும் த்சோத்சோரியாவும் இதைத்தான் பிடித்தார்கள். அடுத்தவர் பேச்சுக்காகத் தண்டனை வரும் என்றால், தளக்காரர் சந்தேகம் உள்ளதையெல்லாம் வெட்டுவார், அரசு நேரடியாகச் செய்ய முடியாத தணிக்கையைத் தனியார் பயத்தில் செய்து முடிப்பார் என்பது அவர்கள் கவலை.

வடிகட்டி இருந்ததே என்ற டெல்ஃபியின் வாதத்துக்கு, இருந்தும் பிடிக்கவில்லையே என்பது நீதிமன்றத்தின் பதில். இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில காலம் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் பின்னூட்டம் பார்த்துத் தள்ளும் வேலையில் இருந்தேன். எங்களிடமும் எக்செல் கோப்பில் ஒரு வசவுப் பட்டியல் இருந்தது. எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்துத் திட்டுவார்கள், அதையும் சேர்ப்போம். தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், அதற்கு ஆறேழு ஸ்பெல்லிங், எல்லாவற்றையும் சேர்ப்போம். கடைசிவரை பட்டியலால் பிடிக்க முடியாதது வசவே இல்லாத வசவுதான். 'இவனை எல்லாம் உயிரோடு விட்டதே தப்பு' என்ற வாக்கியத்தில் எந்தச் சொல்லைத் தடை செய்வது? இவன், உயிர், தப்பு எல்லாம் நல்ல சொற்கள். அடுப்பும் அப்படித்தான். அதைத் தடை செய்தால் அன்றைய சமையல் குறிப்பு மாட்டிக்கொள்ளும். டெல்ஃபியின் நிரல் கெட்ட வார்த்தையைத் தேடியது. எல்.-க்கு வந்த மிரட்டலைப் பிடிக்க ஆள் வேண்டும்.

ஆனால் எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தையும் மறைக்கக் கூடாது. அந்தச் செய்தியைப் படித்தவர்களில் ஒருவர்கூட இருபதையும் எடுக்க வைக்கும் அளவுக்குக் குறி போடவில்லை. ஆறு வாரம் எல்.-ஏ ஏன் சும்மா இருந்தார் என்று கேட்டால், தனி மனிதர் இணையத்தையே நாள் முழுக்கத் துழாவிக்கொண்டிருக்க முடியாது, பெரிய வணிகத் தளத்துக்கு அது எளிது என்றது பேரமர்வு. இது நியாயமான பேச்சு. தவிர, அந்தச் செய்தி வருவதற்குச் சில மாதம் முன்பே, 2005-இல், எஸ்டோனிய வார இதழ் ஒன்று சட்ட அமைச்சருக்கும் தலைமை அரசு வழக்கறிஞருக்கும் திறந்த மடல் எழுதி, இணையத் தளங்களில் ஓயாமல் நடக்கும் கேலியையும் வசவையும் குறிப்பிட்டு, டெல்ஃபியின் பெயரையும் சொல்லியிருந்தது. எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது.

தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தாது என்று வேலியும் போட்டார்கள். காசு பண்ணும் பெரிய செய்தித் தளத்துக்குத்தான் இது. வாசகர்கள் தங்களுக்குள் எதையாவது பேசிக்கொள்ளும் விவாத மன்றம், சமூக வலைத்தளம், பொழுதுபோக்குக்கு ஒருவர் நடத்தும் பக்கம் ஆகியவை இதில் சேராது.

வேலி எங்கே நின்றது

எட்டு மாதம் கழித்து, 2016 பிப்ரவரி 2 அன்று, ஹங்கேரி வழக்கு வந்தது. இணைய உள்ளடக்க நிறுவனங்களின் சங்கம் ஒன்றும் இண்டெக்ஸ் என்ற செய்தித் தளமும் மனுதாரர்கள். வீட்டுமனை விளம்பரத் தளங்கள் 30 நாள் இலவசம் என்று சொல்லிவிட்டுப் பிறகு சொல்லாமல் காசு பிடிக்கின்றன என்று ஒரு கட்டுரை, அடியில் ஏமாந்தவர்களின் வசவு. ஹங்கேரி நீதிமன்றங்கள் தளங்களைப் பொறுப்பாக்கின. ஸ்ட்ராஸ்பர்க் இம்முறை, 10-ஆவது பிரிவு மீறப்பட்டது என்றது. கொச்சையாகத் திட்டியிருக்கிறார்கள்தான், ஆனால் கொலை மிரட்டலோ இனவெறியோ இல்லை. அடிபட்டதும் ஒரு நிறுவனத்தின் வியாபாரப் பெயர், மனிதரின் உயிரோ மானமோ இல்லை.

2017-இல் ஸ்வீடன் வழக்கு. ஒரு சிறு சங்கம், லாபமில்லாமல் நடத்தும் வலைப்பதிவு. பெயர் தெரியாத ஒருவர் ஒரு மனிதரைப் போதைக்காரன் என்று எழுதினார். ஒன்பது நாள் கழித்து அவர் கேட்டதும், மறுநாளே நீக்கி மன்னிப்பும் கேட்டார்கள். அவர் கேட்ட இழப்பீடு ஒரே ஒரு குரோனா. கௌரவப் பிரச்சினை! அவர் மனுவை ஸ்ட்ராஸ்பர்க் விசாரணைக்கே எடுக்கவில்லை.

இதோடு டெல்ஃபி ஓர் ஓரத்துத் தீர்ப்பாக ஒதுங்கிவிடும் என்று நினைத்தவர்களுக்கு 2023 மே 15 அன்று பதில் கிடைத்தது. பிரான்சில் ஜூலியான் சான்ஷே என்ற அரசியல்வாதி 2011-இல் தேர்தலுக்கு நின்றபோது அவருடைய ஃபேஸ்புக் சுவரில் மற்றவர்கள் முஸ்லிம்களை இழிவுபடுத்தி எழுதியதை அவர் நீக்கவில்லை. எழுதியவர்கள் பெயரும் தெரியும், அவர்களுக்கும் தண்டனை கிடைத்தது. கூடவே இவருக்கும் 4,000 யூரோ அபராதம், மேல்முறையீட்டில் 3,000 ஆனது. அது சரிதான் என்று பேரமர்வு 13-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. சமூக வலைத்தளம் இதில் சேராது என்று 2015-இல் போட்ட வேலி, சுவர் வைத்திருப்பவர் அரசியல்வாதி என்றால் அங்கே இல்லை என்றானது.

அமெரிக்காவில் இப்படி ஒரு வழக்கு காலூன்றியே இருக்காது. 1996-இல் வந்த சட்டத்தின் 230-ஆவது பிரிவு, பிறர் எழுதியதற்குத் தளத்தை வெளியிட்டவராகக் கருதக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. இந்தியா வேறொரு வழி எடுத்தது. டெல்ஃபி தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு, 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தீர்ப்பில், பிறர் எழுதியதற்காகத் தளங்கள் மாட்டிக்கொள்ளாமல் காக்கும் 79-ஆவது பிரிவைப் பற்றிச் சொன்னதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தளத்துக்கு 'தெரியும்' என்றால் நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்து தெரிவது என்று அர்த்தம். யாரோ ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியதால் தளம் தானே நீதிபதியாகி முடிவெடுக்க வேண்டியதில்லை. ஸ்ட்ராஸ்பர்க், யாரும் சொல்லாவிட்டாலும் நீக்கு என்கிறது. டெல்லி, யார் சொன்னாலும் போதாது, நீதிமன்றமோ அரசோ சொல்லட்டும் என்கிறது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு நீதிமன்றங்கள் இவ்வளவு தூரம் விலகி நின்றன.

எழுதியவர்கள் எங்கே

இத்தனை வருட வழக்கில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். 2006-லிருந்து 2015 வரை, உள்நாட்டில் மூன்று படி நீதிமன்றம், வெளியே இரண்டு அமர்வு. அந்த இருபது பின்னூட்டங்களில் ஒன்றை எழுதியவர்கூட எங்கும் வந்து நிற்கவில்லை. எழுதியவர்கள் மேல் எல். வழக்குப் போடவில்லை. பேரமர்வும் இதைப் பரிசீலித்தது: எழுதியவரைத் தேடிப் போயிருக்க முடியாதா? எஸ்டோனியாவில் வழக்குக்கு முன்பே சாட்சியம் திரட்டும் வழி இருக்கிறது, ஆனால் அதில் ஆள் அகப்படுவது நிச்சயமில்லை. எழுதியவரைப் பின்னால் அடையாளம் காண டெல்ஃபியும் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. ஆகவே டெல்ஃபி மேல் வழக்குப் போட்டது சரி. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கையில் சிக்கியவன் தலையில் மிளகாய் அரைத்தார்கள். சிக்கியவன் அப்பாவி இல்லை என்பது வேறு விஷயம்.

அதே நீதிமன்றம் 2008 டிசம்பரில் பின்லாந்து வழக்கில் வேறு மாதிரிப் பேசியது. 1999-இல் 12 வயதுப் பையன் ஒருவனின் பெயரில், அவனுக்குத் தெரியாமல், யாரோ ஓர் இணையத் தளத்தில் பாலியல் உறவு தேடும் விளம்பரம் போட்டார்கள். போட்டவர் யார் என்று இணைய நிறுவனம் சொல்லவில்லை, சொல்ல வைக்க அன்றைய பின்லாந்துச் சட்டத்தில் வழி இல்லை. அப்படி வழி வைக்காததே அந்தப் பையனின் உரிமையை மீறியது என்று தீர்ப்பு. பெயர் மறைத்து எழுதும் சுதந்திரம் சில இடங்களில் வழிவிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். அங்கே தேடியது எழுதியவனை, தளத்தை அல்ல.

2021 டிசம்பர் 7 அன்று காற்று திரும்ப மாறியது. ஆஸ்திரியாவின் டெர் ஸ்டாண்டர்ட் நாளிதழின் தளத்தில் அரசியல்வாதிகளைப் பற்றிப் புனைபெயர்காரர்கள் எழுதினார்கள். தளம் பின்னூட்டங்களை நீக்கியது, ஆனால் எழுதியவர் விவரத்தைத் தர மறுத்தது. தரத்தான் வேண்டும் என்றன ஆஸ்திரிய நீதிமன்றங்கள். பின்னூட்டம் போடுபவர் பத்திரிகைக்குத் துப்புக் கொடுப்பவர் மாதிரி இல்லை என்பதை ஸ்ட்ராஸ்பர்க் ஏற்றது. ஆனால் அரசியல் விவாதத்தில் பெயர் மறைவின் மதிப்பை எடைபோடாமல் விவரம் கேட்டது 10-ஆவது பிரிவுக்கு எதிரானது என்றது.

இந்தத் தீர்ப்புகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. அரசியல் சண்டையில் எழுதியவரைத் தேடிப் போகும் வழி குறுகிவிட்டது. இடம் கொடுத்தவரைத் தேடிப் போகும் வழி, இடையில் ஹங்கேரியில் கொஞ்சம் சுருங்கினாலும், 2023-இல் மறுபடி அகலமாகியிருக்கிறது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் தனியாகக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மிரட்டல் வந்த மனிதருக்கு இதனால் கிடைப்பது ஒரு நிறுவனத்தின் காசு. அடுப்பில் போடச் சொன்னவர் யார் என்று எல்.-க்கு இன்றுவரை தெரிந்திருக்க வழியில்லை.

டெல்ஃபிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுத் தீர்ப்பு வந்த 2009-இலேயே பின்னூட்டம் பார்க்க ஆள் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் வந்த 1,90,000 பின்னூட்டங்களில் 15,000-ஐ நீக்கினார்கள், பெரும்பாலும் விளம்பரக் குப்பையும் சம்பந்தமில்லாத பேச்சும்தான். அவதூறு என்று சொல்லத்தக்கவை அரை சதவீதத்துக்கும் கீழே. தளம் எஸ்டோனியாவின் பெரிய தளங்களில் ஒன்றாகவே நீடித்தது, பின்னூட்டங்களின் எண்ணிக்கையும் கூடியது. இவற்றையெல்லாம் பேரமர்வே தீர்ப்பில் எடுத்துச் சொன்னது, பொறுப்பாக்கியதால் டெல்ஃபிக்கு ஒன்றும் குடி முழுகிவிடவில்லை என்று காட்டுவதற்காக. பதிவு செய்து எழுதுபவர்களின் பின்னூட்டங்களை முதலில் காட்டும் ஏற்பாடும் வந்தது. அப்போதும் பெயர் போடாமல் எழுதியவர்களே அதிகம்.

320 யூரோவாக மாற்றிச் சொல்லப்படும் அந்தத் தொகை குரூனில் விதிக்கப்பட்டது. 2011-இல் எஸ்டோனியா யூரோவுக்கு மாறி, குரூன் புழக்கத்தை விட்டே போய்விட்டது. வழக்கு அதற்குப் பிறகும் நாலு வருடம் ஓடியது.